ஓரத்தில் என்ன அது?

சலவைக்கடையில் அவருக்குப் பெயர் கறைக்காரர். முதலாளி வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், கவுன்டரில் இருக்கும் பெண்ணே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பின்னறையைக் கை காட்டுவாள். கடைக்கு வருகிற சாதாரண அழுக்கெல்லாம் இயந்திரத்துக்குப் போய்விடும். இயந்திரத்துக்கு அடங்காதவை மட்டும் இவருடைய மேசைக்கு வரும். டாக்டர் அங்கியில் பேனா மை, மாப்பிள்ளைக் கோட்டில் காப்பி, இருக்கக்கூடாத இடத்தில் லிப்ஸ்டிக். மேசை மேல் ஒரு வளைந்த விளக்கு, வரிசையாகச் சின்னப் புட்டிகள், மெல்லிய பிரஷ்கள், நீராவி வரும் ஒரு குழாய், அவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்ஜியம்.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. என்ன கறை என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது. ரத்தத்தில் வெந்நீர் பட்டால் அது துணியோடு குடித்தனம் வைத்துவிடும். எண்ணெய்க்குக் கொடுக்கிற மருந்தை மைக்குக் கொடுத்தால் சட்டை முழுக்க நீலம். அதனால் வாடிக்கையாளரைப் பார்த்ததும் இவர் கேட்பது இதைத்தான்: "இது என்ன கறை? எப்படிப் பட்டுச்சு? அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?" பாதிப் பேர் பொய் சொல்வார்கள். லிப்ஸ்டிக் விஷயத்தில் முக்கால்வாசிப் பேர். கறைக்காரர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டு, துணி சொல்கிறபடி வேலை செய்வார்.

கேமரா அவர் கைக்கு வந்தது ஒரு சண்டையால். கோட்டில் இருந்த ஓட்டையைக் கடைதான் போட்டது என்று ஒருவர் வந்து கடையையே இரண்டாக்கிவிட்டுப் போனார். மறுநாளே முதலாளி ஒரு சின்ன கேமராவை வாங்கி வந்து, இனிமேல் எந்தத் துணியையும் தொடுவதற்கு முன்னால் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கறைக்காரர் முதலில் முணுமுணுத்தார். பிறகு விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. இத்தனை வருஷம் பார்த்த காப்பிக் கறையில், நடுப்பகுதி வெளிறியும் ஓரம் மட்டும் அடர்த்தியாகக் கோடு போட்டதுபோலவும் இருப்பதை அவர் அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தார். அதற்கப்புறம் சொந்தமாகவும் ஒரு பழைய கேமரா வாங்கிவிட்டார்.

"கறையை எடுக்கறதுக்குச் சம்பளம் வாங்கிட்டு, கறையை ஃபோட்டோ எடுக்கற ஒரே ஆள் எங்க வீட்டுக்காரர்தான்" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர்கள் டீச்சரம்மா என்று கூப்பிட, கறைக்காரரும் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, வீட்டிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நடுங்கிக்கொண்டு வந்து உட்காருகிறவர்களை எல்லாம் லாரிகளுக்கு நடுவே தைரியமாகப் போகவைத்த பெண்மணி அவர். "கண்ணாடி பாத்தியா?" என்பதுதான் அவர் வாயில் அதிகம் புழங்கிய வாசகம். தூக்கத்தில்கூட ஒருமுறை அப்படிக் கேட்டு, கறைக்காரர் பதறி எழுந்து "பாத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். கறைக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது அந்த வீட்டின் நிரந்தர நகைச்சுவை.

டீச்சரம்மாவின் தம்பிதான் அந்த இணையக் குழுவைக் காட்டினான். "மாமா, இந்தக் கறையை எல்லாம் நீங்களே பாத்துட்டு இருந்தா எப்படி? நாலு பேரு பாக்கட்டும்" என்று சொல்லி, கணக்குத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். குழுவில் விதி எளிமையானது. தினம் ஒரு படம். அது அன்றைக்கே எடுத்ததாக இருக்க வேண்டும். நேற்று எடுத்ததை இன்றைக்குப் போடக்கூடாது. ஒரு நாள் விட்டால் நம்முடைய மாதப் பலகையில் அந்த நாளுக்கான கட்டம் சாம்பல் நிறத்தில் காலியாகக் கிடக்கும். கேட்பதற்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அந்த ஒரு சாம்பல் கட்டத்துக்குப் பயந்து, காய்ச்சலில் படுத்திருந்தவர் எழுந்து தெர்மாமீட்டரைப் படம் எடுத்துப் போட்ட கதையெல்லாம் அங்கே உண்டு.

அங்கே யாரும் யாரையும் பார்த்ததில்லை. எல்லோரும் புனைபெயர்களில் உலவினார்கள். 'ஈரக்குடை' என்றொருவர், அவர் ஊரில் மழையைத் தவிர வேறொன்றும் பெய்யாது, நடக்காது. 'மூன்றுகால்' என்றொருவர் குழுவின் நாட்டாமை. எல்லாருடைய படத்துக்கும் தீர்ப்பு சொல்வார். கறைக்காரர் அதிகம் யோசிக்காமல் 'கறைக்காரர்' என்றே பதிந்துகொண்டார். சட்டைப் பொத்தான்கள், நீராவியில் மங்கிய ஜன்னல், தொங்கும் கோட்டுகளின் வரிசை என்று கடையிலேயே பல நாள் ஓட்டினார். கடை அலுத்ததும் வீட்டுக்கு வந்தார். சமையலறை ஜன்னலோரச் சாப்பாட்டு மேசையில் காலை வெளிச்சம் சாய்வாக விழும். வெள்ளை விரிப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால்கூட அது ஏதோ விலை உயர்ந்த பொருள்போல இருக்கும். தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அந்த மேசையைச் சுற்றிச்சுற்றி வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

மேசைக்கு எதிரில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும் டீச்சரம்மாவை மட்டும் எடுக்க முடியாது. கேமரா அவர் பக்கம் திரும்பியதுமே உள்ளங்கை எழுந்து முகத்தை மறைத்துவிடும். எத்தனையோ தடவை நைசாக முயன்று தோற்றிருக்கிறார்.

"எனக்குத் தெரியாம என்னை எடுத்துடலாம்னு பாக்கறீங்களா? முதுகுலயும் கண்ணு வெச்சிருக்கறவங்க நாங்க" என்பார் டீச்சரம்மா. அது வெறும் பெருமை இல்லை, தொழில்முறைப் பெருமை. கறைக்காரரும் அதை ஒப்புக்கொண்டு டம்ளருக்கே திரும்பிவிடுவார்.

கடுகு வந்து சேர்ந்தது இந்தச் சமயத்தில்தான்.

புனைபெயர்தான் கடுகு. மற்றவர்கள் எல்லாம் 'அருமை', 'அழகு', 'வெளிச்சம் பிரமாதம்' என்று எழுதிவிட்டுப் போகும் இடத்தில், இந்தக் கடுகு மட்டும் கேள்வி கேட்கும். அதுவும் படத்தில் எதை எடுத்திருக்கிறோமோ அதைப் பற்றிக் கேட்காது. பொத்தானை எடுத்துப் போட்டால், "கறைக்காரரே, ஓரத்துல என்ன அது, நீலமா? வாளியா?" என்று கேட்கும். ஜன்னலை எடுத்துப் போட்டால், "மேல் மூலையில ஒரு ஆணி இருக்கு, அதுல என்ன மாட்டுவீங்க?" என்று கேட்கும். முதலில் கறைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பொறுமையாகப் பதில் எழுதினார். வாளிதான். ஆணியில் ஒன்றும் மாட்டுவதில்லை.

போகப்போக எரிச்சல் வந்தது. அரைமணி நேரம் மெனக்கெட்டு டம்ளரில் வானவில் விழவைத்துப் போட்டால், இந்தக் கடுகு வந்து, "விரிப்பு ஓரத்துல என்ன கறை?" என்று கேட்டால் யாருக்குத்தான் எரியாது? அதுவும் கறைக்காரரைப் பார்த்துக் கறையைக் கேட்டால்? அன்றைக்கு டீச்சரம்மா காப்பியைத் தட்டிவிட்டிருந்தார். கறைக்காரர் விரிப்பை மாற்றினார், கறையை எடுத்தார், படத்தையும் சரி செய்தார்.

படத்தைச் சரி செய்வது என்றால் கணினியில் ஓரங்களை வெட்டித் தள்ளுவது. இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் மூன்றுகால். 'ஓரத்தில் தேவையில்லாதது எதுவும் இருக்கக்கூடாது, ஓரம் சுத்தமாக இருந்தால் படம் சுத்தம்' என்பது அவருடைய மந்திரம். கறைக்காரருக்கு அது சட்டென்று பிடித்துப்போனது. வாழ்நாள் முழுக்க அவர் செய்ததே அதுதானே, வேண்டாததை எடுப்பது. படத்தில் ஓரமாக வந்து விழுந்த முழங்கை, வாளி, கார் மூலை, விரிப்புச் சுருக்கம் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித்தேடி வெட்ட ஆரம்பித்தார்.

ஒருநாள் கடுகு எழுதியது: "உங்க வீட்டுல யாருக்கோ இடது பக்கம் ஆகாது போல." அதற்கு முந்தின நாள் அவர் வாசலில் நின்ற பயிற்சிப் பள்ளிக் காரின் பின்கண்ணாடியில் மேகத்தை எடுத்துப் போட்டிருந்தார். காரின் இடது பக்கத்துக் கீறல்கள் படத்தின் ஓரத்தில் கொஞ்சமாக வந்துவிட்டிருந்தன. அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் இப்படியா மூக்கை நுழைப்பது என்று அவர் பதிலே போடவில்லை. அன்றிலிருந்து இன்னும் ஒட்ட வெட்டினார். "கொஞ்ச நாளா உங்க படத்துல ஓரமே இல்லையே. கோவமா?" என்று கடுகு கேட்டதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அவருடைய டம்ளர் படம் ஒன்று குழுவின் முகப்புப் பக்கத்துக்குத் தேர்வானது. நல்லா ஒட்ட வெட்டிய படம். டம்ளர், தண்ணீர், அதன் வழியே வளைந்து விழுந்த வெளிச்சம் தவிர அதில் ஒன்றும் இல்லை. மூன்றுகால் வந்து, "ஓரம் சுத்தம். இதுதான் படம்" என்று எழுதினார். கறைக்காரர் கால் தரையில் பாவாமல் கடைக்குப் போய் முதலாளியிடம் காட்டினார், கவுன்டர் பெண்ணிடம் காட்டினார், லிப்ஸ்டிக் கோட்டோடு வந்த வாடிக்கையாளரிடமும் காட்டினார். பாராட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவில் கடுகு எழுதியிருந்தது: "அழகா இருக்கும்னு நினைக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியலை. வெட்டாத படத்தை அனுப்புவீங்களா?"

சுர்ரென்று ஏறியது அவருக்கு. ஊரே கொண்டாடுகிற படத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். அவர் தனிச்செய்தியில் ஒரு பிடி பிடித்தார். உங்களுக்கு என் படத்தில் என்ன குறை, நடுவில் இருப்பதை ஒருநாளாவது பார்த்திருக்கிறீர்களா, எப்போது பார்த்தாலும் ஓரத்தையே நோண்டுவது என்ன பழக்கம் என்று மளமளவென்று எழுதி அனுப்பிவிட்டார். பதிலாக ஒரு தொலைபேசி எண் வந்தது. எழுதுவதைவிடப் பேசுவது தனக்குச் சுலபம் என்று ஒரு வரி.

கடை மதிய இடைவேளையில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டார். குரல் ஒரு இளம்பெண்ணுடையது. படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறாளாம். எடுத்ததும் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, மற்றவர்கள் தங்கள் உயரத்தைச் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை கிடையாது சார். சின்ன வயசுலயே போயிடுச்சு. எதை நேரா பாத்தாலும் அந்த இடத்துல ஒரு அழுக்கு உருண்டை நிக்கும். ஓரம்தான் தெரியும். அதனால நான் படத்தோட ஓரத்தைப் பாத்து, நடுவுல என்ன இருக்கும்னு யோசிப்பேன். நீங்க ஓரத்தை வெட்டிட்டா எனக்கு வெறும் உருண்டைதான்."

கறைக்காரருக்கு வெட்கமாக இருந்தது. எழுதியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு மருந்து இருந்தால் தேவலை என்று நினைத்தார். ஆனால் ஆர்வமும் விடவில்லை. அப்படியானால் என் படங்களில் இதுவரைக்கும் என்னதான் பார்த்தாய் என்று கேட்டார். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

அவள் பார்த்தது இதுதான். மேசை விரிப்பில் கறை வந்தால் எப்போதும் ஒரே பக்கம் வந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது இடது பக்கம். ஒரு படத்தின் மூலையில் தெரிந்த இடது முழங்கையில் பிளாஸ்திரி. இன்னொரு நாள் அதே முழங்கையில் ஊதா நிறம். காரில் கீறல், அதுவும் இடது பக்கமே. கண் ஆஸ்பத்திரிகளின் காத்திருப்பு அறைகளிலேயே தான் வளர்ந்ததாகவும், அங்கே இந்த மாதிரி நிறையப் பேரைத் தெரியும் என்றும் சொன்னாள். நடுவில் எல்லாம் சரியாகத் தெரியும் அவர்களுக்கு. பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். போவது அவர்களுக்கே தெரியாது.

"அந்த எதிர் நாற்காலியில உக்காருறவங்க என்ன வேலை பாக்கறாங்க சார்?"

கறைக்காரர் சொன்னார்.

பிறகு அவள், "நான் சொல்றது தப்பா இருந்தா என்னை நல்லாத் திட்டிடுங்க. ஆனா ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டிடுங்க" என்றாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து, வெட்டுவதற்கு முந்தைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டீச்சரம்மா இன்னும் வரவில்லை. தான் எறிந்த ஓரங்களை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகப் பார்த்தார். கவிழ்ந்த கப். ரொட்டித் தட்டுக்கு வெளியே, மேசையில் தடவியிருந்த ஜாம். கதவு நிலையில் தோள் உயரத்தில் ஒரு மங்கல், ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப இடித்ததால் வந்தது. எல்லாம் இடது பக்கமும் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடலாம்தான். கார் கீறலுக்கு மாணவர்கள் காரணம் என்று டீச்சரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். யாருக்குத்தான் காப்பி கொட்டாது?

ஆனால் அவரைக் குத்தியது வேறு. ஊரில் இருக்கிறவனையெல்லாம் நிறுத்திவைத்து என்ன கறை, எப்படிப் பட்டது என்று கேட்கிற மனிதர், தன் வீட்டு மேசையில் விழுந்த ஒரு கறையைப் பற்றிக்கூட அப்படிக் கேட்டதில்லை. விரிப்பை உருவினார், மருந்து போட்டார், எடுத்தார். நன்றாகவே எடுத்தார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

டீச்சரம்மா வந்தார். முகம் கழுவினார், பளபளக்கும் கெட்டிலில் தண்ணீர் வைத்தார், வானொலியைப் போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்க ஆரம்பித்தார். அன்றைக்கு ஒரு மாணவி பிரேக்குக்குப் பதில் வேறெதையோ மிதித்த கதையைச் சொல்லிச் சிரித்தார். கறைக்காரர் உம் கொட்டிக்கொண்டே, சத்தம் எழுப்பாமல் கேமராவை எடுத்துக்கொண்டு நடந்து, அவருடைய இடது பக்கம் போய் நின்றார். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். கையை ஆட்டிப் பார்த்தார். டீச்சரம்மா ஆப்பிளைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டினார். பிறகு, வேறென்ன செய்வதென்று தெரியாமல் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினார். நாற்காலியில் இருந்தவர் திரும்பவில்லை. வெகுகாலமாகக் கிடைக்காத படம் அது. கேமராவைத் தூக்கினார், எடுத்தார். முகத்தை மறைக்கிற அந்த உள்ளங்கை எழவே இல்லை. கறைக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

எதிரே வந்து உட்கார்ந்து, வானொலியை அணைத்துவிட்டு, மெதுவாகத்தான் ஆரம்பித்தார். கண்ணைக் காட்டிக்கொண்டு வரலாமா என்றார். எதற்கு என்றார் டீச்சரம்மா. முழங்கையைப் பற்றிச் சொன்னார், கப்பைப் பற்றிச் சொன்னார். கார் என்றதும் டீச்சரம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கார் ஓட்டக்கூடத் தெரியாதவர் எனக்குக் கண்ணு தெரியலைங்கறீங்களா? கண்ணாடி பாத்தியா கண்ணாடி பாத்தியான்னு ஊருக்கே கத்திட்டு இருக்கறவ நான்."

கறைக்காரர் கணினியைத் திருப்பி வைத்தார். டீச்சரம்மா ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொன்னார். இந்தக் கீறல் வங்கியில் வேலை பார்க்கிற அந்த மாணவர் போட்டது. இந்தக் காயம் குளியலறையில் பட்டது. இந்தக் கப் நீங்கள் ஓரத்தில் வைத்ததால் விழுந்தது. பொய் ஒன்றும் இல்லை. அவர் நம்பியதைத்தான் சொன்னார். கடைசியில் கறைக்காரர் கேமராவை நீட்டினார். சின்னத் திரையில் டீச்சரம்மா பக்கவாட்டில் தெரிந்தார். கையில் கத்தி, பாதி நறுக்கிய ஆப்பிள், சிரிப்பு.

"இது எப்போ எடுத்தது?"

"இப்பத்தான்."

டீச்சரம்மா தட்டில் இருந்த ஆப்பிள் துண்டுகளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். தன் இடது பக்கம் தலையைத் திருப்பி, அங்கே இருந்த வெற்றுத் தரையைப் பார்த்தார். கறைக்காரர் என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தார்.

"அந்தக் கெட்டில்ல தெரியறது யாரு, நாக்கை நீட்டிட்டு?"

"நான்தான்."

டீச்சரம்மா சிரித்துவிட்டார். அடக்க முடியாமல், மேசையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று கறைக்காரருக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை வலது பக்கம்.

அழுது முடித்ததும் டீச்சரம்மாவுக்குள் இருந்த ஆசிரியை எழுந்துகொண்டார். நாற்காலியை அறையின் நடுவில் போட்டு நேராக உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, "பின்னாடியிலேர்ந்து மெதுவா நடந்து வாங்க. தெரிஞ்சதும் நிறுத்தச் சொல்றேன்" என்றார். வலது பக்கம் வந்தபோது தோளைத் தாண்டியதுமே நிறுத்தச் சொல்லிவிட்டார். இடது பக்கம் கறைக்காரர் தோளைத் தாண்டினார், முழங்காலைத் தாண்டினார், கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்துவிட்டார்.

"இன்னொரு தடவை" என்றார் டீச்சரம்மா.

வலது கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை. இடது கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை. ஏதோ புது வண்டியைச் சோதிப்பவர்போல அவ்வளவு கவனமாகச் செய்தார். இத்தனை நாளாக இது எங்கே ஒளிந்திருந்தது என்று வாய்விட்டே வியந்தார். பிறகு எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்து, மறுநாள் காலையில் முதல் தடவையாக நெடுஞ்சாலைக்கு வரவிருந்த மாணவியைக் கூப்பிட்டு, வகுப்பு இல்லை என்று சொன்னார். காரணம் கேட்டாள் போலிருக்கிறது. "நான் கண்ணாடி பாக்கலைம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்றைக்குக் கறைக்காரரின் கட்டம் காலியாகவே கிடந்தது. அவர் அதை மறந்தே போயிருந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை உண்டு. வெள்ளைக் கிண்ணம்போல ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து நடுவில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே அங்கங்கே ஒளிப்பொட்டுகள் வந்து போகும். பொட்டு தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அறையை இருட்டாக்கியிருந்தார்கள். மூலை நாற்காலியில் கறைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பொட்டுகள் தெரியவில்லை, பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது. வலது கண்ணுக்கு டிக், டிக், டிக் என்று தாளம் தவறாமல் வந்தது. நடுவில் சில இடங்களில் தடுக்கியது. இடது கண்ணுக்கு மாற்றியதும் சில டிக் வந்தது. அப்புறம் நின்றது. இயந்திரம் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. சோதனை செய்கிற பெண் தன் திரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். கறைக்காரர் அந்த நிசப்தத்தில் காதைத் தீட்டிக்கொண்டு, ஒரே ஒரு டிக்குக்காக ஏங்கினார். ரொம்ப நேரம் கழித்து ஒன்று வந்தது.

விளக்கைப் போட்டதும் டீச்சரம்மா முகத்தை வெளியே எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டாவது கண்ணுக்கு மெஷின் நடுவுல நின்னு போச்சு போல. திரும்ப எடுக்கணுமா?"

சோதனைப் பெண் கறைக்காரரைப் பார்த்தாள். அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நிக்கலைம்மா" என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். போனது வராது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து இருக்கிறது, ஒருநாளும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். நல்லவேளை இப்போதாவது வந்தீர்கள், பெரும்பாலானவர்கள் எதன் மீதாவது மோதிய பிறகுதான் வருகிறார்கள் என்றார். கார் விஷயத்தை டீச்சரம்மாவே கேட்டார். டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். டீச்சரம்மா இன்னொரு தடவை கேட்கவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் பேருந்துக்கு நின்றபோது, கறைக்காரர் இடது பக்கம் வந்து நின்றுகொண்டார். டீச்சரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கார் பள்ளிக்குத் திரும்பிப் போனது. டீச்சரம்மா சில நாள் மேசையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலைக்குப் போகுமுன் மாணவர்களுக்கு வகுப்பறையில் பாடம் எடுக்கலாமே என்று பள்ளிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, யோசிக்காமல் இருந்தார். கறைக்காரர் வற்புறுத்தவில்லை. கடுகை மட்டும் கூப்பிட்டு, கெட்டிலில் தெரிந்த நாக்குவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காலையில் சொட்டு மருந்து போட்டுவிடுவார், பிறகு டம்ளரைப் படம் எடுப்பார், ஓரத்தை வெட்டாமல் அப்படியே போடுவார். மூன்றுகால் வந்து, என்ன ஆயிற்று உங்களுக்கு, ஓரமெல்லாம் ஒரே குப்பை என்று வருத்தப்பட்டார். கறைக்காரர் அவருக்கு ஒரு வணக்கம் மட்டும் போட்டார்.

ஒருநாள் காலை அவர் டம்ளரை வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தபோது, எதிர் நாற்காலியில் இருந்து குரல் வந்தது.

"அந்த டம்ளரை எத்தனை தடவை எடுப்பீங்க? பாவம் அது. என்னை எடுங்க."

கறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டீச்சரம்மா தலையை வாரிக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தார். கை மடியில் இருந்தது. அவர் கேமராவை உயர்த்தியபோதும் அது மடியிலேயே இருந்தது.

படம் போட்ட கொஞ்ச நேரத்தில் கடுகு வந்துவிட்டாள். கறைக்காரர் அவள் எழுதியதை டீச்சரம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"கறைக்காரரே, இன்னைக்கு ஓரம் முழுசா இருக்கு, நன்றி. இடது பக்கம் விரிப்பு சுத்தமா இருக்கு. சொட்டு மருந்துப் புட்டி இருக்கு. கெட்டில் இருக்கு, அதுல நீங்க இருக்கீங்க, இந்தத் தடவை நாக்கு இல்லை. ஆனா நடுவுல யாரோ உக்காந்திருக்காங்க போல. யாரு அது?"

கறைக்காரர் தட்டெழுதத் தொடங்கினார். என் மனைவி என்று பாதி எழுதியபோது டீச்சரம்மா கையை நீட்டித் தடுத்தார். திரையைப் பார்த்தார்.

"டீச்சர்னு போடுங்க" என்றார்.